நான்காம் காது

"மலைக்கு ஒண்ணும் இல்ல. அந்த மெஷினுக்குத்தான் வயித்துவலி. அதுக்கு நாம ஏன் பாயைச் சுருட்டணும்?"

பேருந்தின் பின்சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நனைந்து, களைத்து, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருப்பவர்களின் சிரிப்பு.

முன்சீட்டில் இருந்த தணிகாசலத்துக்கு அது கேட்டிருக்க வேண்டியதில்லை. அவருக்குக் காது மந்தம். பேருந்தில் ஏறியதும், காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவியின் சின்னச் சக்கரத்தைத் திருப்பி ஒலியைக் குறைத்துக்கொள்வார். அன்று ஒரு கையில் குடை, மறுகையில் பை. குறைக்க முடியவில்லை.

பையை மடியில் வைத்ததும் முதல் வேலையாகக் குறைத்தார்.

அந்தப் பெண் சொன்ன மெஷின் அவருடைய அலுவலகத்தில்தான் இருந்தது.

தேன்பாறை எஸ்டேட்டின் சரிவில், தேயிலைக்கு நடுவே, மண்ணுக்குள் சில கருவிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். மண்ணின் அதிர்வைக் கேட்பது அவற்றின் வேலை. அவற்றைக் காது என்று சொல்வார்கள். முதல் காது, இரண்டாம் காது என்று எண்ணும் உண்டு. கேட்டதெல்லாம் கம்பி வழியாக மேலே இருக்கும் தகரக்கூரைக் கட்டடத்துக்கு வந்து சேரும். அதிர்வு அளவு மீறினால் சங்கு ஊதும். ஊதினால் கீழே லயத்தில் இருப்பவர்கள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் இருப்பவர்கள், பிள்ளைகுட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

கட்டடத்தின் பெயர்ப்பலகையில் நீளமான பெயர் இருந்தது. எஸ்டேட்டில் எல்லோரும் காது ஆபீஸ் என்றார்கள்.

அந்த மழைக்காலத்தில் சங்கு அடிக்கடி ஊதியது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் போனார்கள். ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

காது ஆபீஸின் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. நில அதிர்வு படித்தவர். நாற்பது வயது ஆகவில்லை. தணிகாசலம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு விண்ணப்பித்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஜெசிந்தாதான். வளைவில் டீக்கடை வைத்திருப்பவர் இருவரும் சேர்ந்து நடந்து போவதைப் பார்த்துவிட்டு, "நரைச்ச சிஷ்யரும் நரைக்காத குருவும் போறாங்க" என்பார். அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. அவர்கள் ஒருவரையொருவர் சார் என்றும் மேடம் என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அன்று தணிகாசலம் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, பேருந்தில் கேட்டதைச் சொன்னார்.

ஜெசிந்தா டப்பாவைத் திறந்து ஆறிப்போன உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது சார்?"

"தெரியல. திரும்பிப் பாக்கல."

"வேற என்ன சொன்னாங்க?"

"அவ்வளவுதான் கேட்டேன். அப்புறம் மெஷினைக் குறைச்சுட்டேன்."

ஜெசிந்தா தலையசைத்தார்.

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"காதுலேர்ந்து வர்றதை அப்படியே ஒரு இடத்துல சேத்து வைக்கறோம். அதை எப்படிக் கேட்டோம்கறதை வேற இடத்துல வைக்கறோம். எந்தக் காது, எவ்வளவு பெருக்கினோம், எந்த இரைச்சலை விலக்கினோம், எதுக்காக விலக்கினோம். செட்டிங் எல்லாம் தனி, பதிவு தனி. எதையாவது பாக்கணும்னா ரெண்டையும் எடுத்துச் சேர்த்து வெச்சுத்தான் பாக்கணும்."

"ஆமா."

"ஒரே வேலையா இரைச்சலை விலக்கிட்டு, சுத்தமான பதிவை மட்டும் வெச்சுக்கிட்டா என்ன? கலங்கின தண்ணியையும் வடிகட்டியையும் தனித்தனியாப் பத்திரப்படுத்தற மாதிரி இருக்கு இது. வடிச்ச தண்ணிதானே நமக்கு வேணும்?"

ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், உங்க மெஷினை முழுசாக் குறைங்க."

"எதுக்கு?"

"குறைங்களேன்."

அவர் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பினார். தகரக்கூரை மேல் பெய்துகொண்டிருந்த மழை நின்றுபோன மாதிரி இருந்தது. ஜெசிந்தாவின் உதடுகள் அசைந்தன. நீளமான ஒன்றைச் சொன்னார். நடுவில் ஒருமுறை ஜன்னலைக் காட்டினார். ஒருமுறை லேசாகச் சிரித்தார். பிறகு டப்பாவை மூடினார்.

தணிகாசலம் சக்கரத்தைத் திருப்பினார். மழை திரும்பி வந்தது.

"என்ன சொன்னீங்க மேடம்?"

"சொல்லியாச்சு சார்."

"எனக்குக் கேக்கல."

"ஆமா."

ஜெசிந்தா எழுந்து டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கல்லூரியில் எந்த மாணவன் கேள்விக்கும் அவர் இப்படி விளையாடியதில்லை. பாவம், தூக்கம் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். ஜெசிந்தாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது உண்மைதான்.

சில நாளில் ஜெசிந்தாவைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். சங்கு ஏன் வீணாக ஊதுகிறது என்று நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "பாத்துக்கோங்க சார்" என்றார். 

தணிகாசலம் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

நான்காம் காதில்தான் தொல்லை. அது சரிவின் நடுவில், லயத்துக்கு நேர் மேலே இருந்தது. அதில் விடாத ஒரு முனகல். அந்த முனகலோடு வேறு ஏதாவது சின்ன அதிர்வு சேர்ந்தால் போதும், அளவு மீறிவிடும், சங்கு ஊதிவிடும். அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, தேயிலை ஃபேக்டரிக்குப் போனார். மழையில் கரண்ட் அடிக்கடி போய்விடும். ஃபேக்டரியின் ஜெனரேட்டர் அநேகமாக எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும் சிமெண்டு மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முழங்கை வரை அதிர்ந்தது.

திரும்பி வந்து ஃபேக்டரிக்குப் போன் செய்து, ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். திரையில் நான்காம் காதின் கோடு சட்டென்று தாழ்ந்தது.

அவருக்கு அது போதும்.

அந்த முனகலை விலக்கினார். கோடு மெலிந்து அழகாக ஓடியது. பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. மேடம் வரும்போது எல்லாமே இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பழைய பதிவுகளை எடுத்தார். மழை தொடங்கிய நாளிலிருந்து நான்காம் காது கேட்ட எல்லாவற்றிலிருந்தும் அந்த முனகலை நீக்கினார். நீக்கியதைச் சேமிக்கப் போனபோது, பழையதன் மேலேயே எழுதிவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சேமிக்க இடமும் குறைவாகத்தான் இருந்தது.

எழுது என்றார்.

இனிப் பதிவே சுத்தம். புதிதாக வருவதும் முனகலை விலக்கிய பிறகே பதிவாகும்படி வைத்தார். எதை விலக்கினோம் என்ற செட்டிங் குறிப்பு தனியாகத் தேவையில்லை. அதையும் நீக்கினார்.

அதன்பின் சங்கு ஊதவில்லை.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் டீக்கடையில் நின்றிருந்தபோது, பூண்டும் கருப்பட்டியும் வாங்க வந்த ஒரு அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். கடைக்காரர் "வா தெய்வானை" என்றார்.

"காது ஆபீஸ் ஐயா, உங்க மெஷினுக்கு வயித்துவலி தேவலையா?"

பேருந்துக் குரல். தணிகாசலத்துக்கு இப்போது முகம் தெரிந்தது. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார்.

"மருந்து குடுத்தாச்சும்மா."

"நல்ல மருந்தா இருக்கட்டும். வீட்டுல பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா. என் மகதான். போன தடவ நீங்க ஊதினப்ப நிறைமாசம். ஸ்கூல் பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுக்க வெச்சேன். பெஞ்சு ஆடுது, இவ அழுவுறா. இப்பக் கைப்பிள்ளை வேற."

"இனிமே ஊதாது."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் ஐயா." பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டே, "தண்ணிதான் இப்ப…" என்று தெய்வானை வேறு எதையோ தொடங்கினார்.

ஒரு ஜீப் ஹாரனை அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. தணிகாசலத்தின் கை தானாகக் காதுக்குப் போனது. சக்கரம் திரும்பியது. தெய்வானையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டுக் குடையை விரித்தார்.

தீபாவளிக்கு மறுநாள் ஜெசிந்தா வந்தார். பை நனைந்திருந்தது. இன்னொரு முறை வீணாகச் சங்கு ஊதினால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று சொன்னார். அதை ஊர்ச்செய்தி சொல்வது போலச் சொன்னார். செருப்பைக் கழற்றாமலே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு காதின் கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நாலு ஏன் இப்படி இருக்கு?"

தணிகாசலம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"சுத்தம் பண்ணிட்டேன் மேடம். ஃபேக்டரி ஜெனரேட்டர்தான் அது. அந்த முனகலை விலக்கிட்டேன்."

"திரையிலயா?"

"பதிவுலயே."

"எடுத்ததை எங்க வெச்சிருக்கீங்க?"

"அது வெறும் இரைச்சல் மேடம். அதை எதுக்கு…"

"பழசு?"

"பழசையும்தான்."

ஜெசிந்தா திரும்பி அவரைப் பார்த்தார். திட்டவில்லை. குனிந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தார். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டது போல இருந்தது.

பிறகு தணிகாசலம் போட்ட விலக்கை நீக்கினார். மெலிந்து ஓடிய கோடு தடித்தது. நான்காம் காதின் ஒலியைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து அறையில் யாரோ வலியோடு புரண்டு படுப்பது போல ஒரு முனகல், நிற்காமல்.

"ஜெனரேட்டர்" என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தார். தணிகாசலமும் பார்த்தார். கீழே மழைக்குள் ஃபேக்டரி தெரிந்தது. கேட் பூட்டியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. தகரச் சாய்ப்பின் கீழே ஒரு நாய் சுருண்டு கிடந்தது.

"தீபாவளி லீவு சார்" என்றார் ஜெசிந்தா.

ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நீங்க அணைச்சுப் பாத்தப்போ, இது நின்னுதா, குறைஞ்சுதா?"

தணிகாசலம் அந்தக் கோட்டை மனதுக்குள் மறுபடி கொண்டுவந்து பார்த்தார். தாழ்ந்தது. தாழ்ந்து எங்கே வந்து நின்றது?

"குறைஞ்சுது" என்றார்.

ஜெசிந்தா ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"இது என்ன மேடம்?"

"மண்ணுக்குள்ள தண்ணி வழி தேடினா இப்படி இருக்கும். மரம் காத்துல ஆடி வேர் அசைஞ்சாலும் இப்படி இருக்கும்."

"எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?"

"மழை ஆரம்பத்துல எவ்வளவு இருந்துது, நடுவுல எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு பாக்கணும். அப்படியே இருந்தா மரம். ஏறிக்கிட்டே வந்தா தண்ணி."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஜெசிந்தா துணைத் தாசில்தாருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் அந்த ஆளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவருக்கும் களைப்பு.

"மறுபடியுமா மேடம்? போன தடவை நான் பஸ் அனுப்பினேன், டிரைவர் என்னைப் பாத்துச் சிரிக்கறான். லயத்துல என்னை ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்றதை நம்பலேன்னு இல்ல. ஒரே ஒரு கேள்வி. அது எப்பலேர்ந்து இருக்கு? அப்படியே இருக்கா, ஏறுதா? ஏறுதுன்னா சொல்லுங்க, இப்பவே ரெண்டு பஸ் அனுப்பறேன்."

"தெரியல சார்."

"பதிவு இருக்குமே?"

"இல்ல."

"எப்படி இல்லாமப் போகும்?"

"இல்ல சார்."

யார் அழித்தது என்று அவர் கேட்கவில்லை. ஜெசிந்தாவும் சொல்லவில்லை. எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏதாவது கிடைச்சா கூப்பிடுங்க" என்று அந்தக் குரல் நின்றது.

தணிகாசலம் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன் மேடம்."

"என்னத்தை?"

"ராஜினாமா."

"அதைச் சாவகாசமா எழுதலாம். இப்ப லயத்துக்குப் போங்க."

"சங்கு ஊதிடலாமே?"

"ஊதினா வருவாங்களா?"

தணிகாசலம் ஜன்னல் வழியே கீழே பார்த்தார்.

"நான் இது கூட இருக்கேன்" என்றார் ஜெசிந்தா, ஸ்பீக்கரைக் காட்டி. "நீங்க போங்க."

"போய் என்ன சொல்றது?"

"நடந்ததை."

"நம்பலேன்னா?"

"அவங்க சொல்றதைக் கேளுங்க. முழுசா. நடுவுல எதையும் விலக்காதீங்க."

தணிகாசலம் குடையை எடுத்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"மேடம், அன்னிக்கு மெஷினைக் குறைக்கச் சொல்லிட்டு ஏதோ சொன்னீங்களே. என்ன சொன்னீங்க?"

ஜெசிந்தா யோசித்தார். உண்மையாகவே யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றார்.

லயத்துக்கு இறங்கும் பாதையில் பட்டாசுக் காகிதங்கள் சேற்றில் ஊறிக் கிடந்தன. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டில் டிவி ஓடியது. இன்னொரு வீட்டில் யாரோ கறிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். "தெய்வானை அக்கா போனா நாங்க வர்றோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

தெய்வானையின் வீடு கடைசியில், மலைச்சரிவை ஒட்டி இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே விட்டத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தார்கள். மகள் பாயில் சாய்ந்து, தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள். கொடி முழுக்கக் குழந்தைத் துணிகள் தொங்கின.

"வாங்க ஐயா. தீபாவளிக்கு வராதவரு மறுநாள் வந்திருக்கீங்க. முறுக்கு இருக்கு."

"அம்மா, நீங்கல்லாம் இப்ப ஸ்கூலுக்குக் கிளம்பணும்."

தெய்வானையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"சங்கு ஊதலையே."

"ஊதல. ஊத விடாம நான் பண்ணிட்டேன். மெஷின்ல ஒரு முனகல் கேட்டுது. ஃபேக்டரி ஜெனரேட்டர்னு நினைச்சு, அதை எடுத்துட்டேன். இன்னிக்கு ஃபேக்டரி ஓடல. முனகல் இருக்கு."

"அப்ப மலை இறங்குதா?"

"தெரியல."

"தெரியலையா?"

"பழசைப் பாத்தா தெரிஞ்சிருக்கும். பழசை நான் அழிச்சுட்டேன்."

தெய்வானை மகளைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்து அவர் பக்கம் திரும்பினார்.

"இது நல்லாருக்கே. ஊதினப்பெல்லாம் மலை சும்மா இருந்துச்சு. நாங்க ஓடினோம். ஊதாதுன்னு வாய் நிறையச் சொன்னீங்க. இப்ப ஊதாமலே வந்து ஓடுங்கறீங்க. எதுக்குன்னு கேட்டா தெரியலங்கறீங்க. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? பைத்தியக்காரி மாதிரியா?"

சத்தம் கேட்டு இரண்டு கதவுகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. தூளிக்குள் குழந்தை விழித்துக்கொண்டு அலறியது. சின்ன அறைக்குள் அழுகையும் மழையும் தெய்வானையின் குரலும் ஒன்றாகச் சேர்ந்து அவர் காதுக்குள் இடித்தன.

தணிகாசலத்தின் கை காதுக்குப் போனது.

"அணைக்கப் போறீங்களா?" என்றார் தெய்வானை. "அணைங்க. எங்க பேச்சு உங்களுக்கெல்லாம் இரைச்சல்தானே."

அவர் விரல் சக்கரத்தின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மறுபக்கமாகத் திருப்பினார். கடைசி வரை. குழந்தையின் அழுகை ஊசி போல உள்ளே இறங்கியது. முகம் சுருங்கியது. கையை எடுத்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா."

"என்னத்தைச் சொல்றது? போன தடவ போய்ட்டு வந்தா கோழியைக் கீரி இழுத்துட்டுப் போயிருந்துச்சு. முட்டை வைக்கற கோழி. அதை யார்கிட்டச் சொன்னேன்? ஸ்கூல்ல ஒரு பல்பு கிடையாது. கக்கூசுக்குக் கதவு கிடையாது. இவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, டீச்சரு வந்து செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கங்குது. இப்ப இந்தக் குஞ்சைத் தூக்கிக்கிட்டு அந்தச் சிமெண்டுத் தரைக்குப் போகணும். சளி பிடிச்சா நீங்களா ராவெல்லாம் முழிப்பீங்க? இங்கயாவது அடுப்பு இருக்கு, வெந்நி இருக்கு. தண்ணின்னு பேருக்கு வருது, அதுலயும் மண்ணு. பிள்ளைத் துணி அலச முடியல. பாருங்க, கொடியைப் பாருங்க. எல்லாம் வெள்ளைத் துணி ஐயா. சாமியாரு துணி மாதிரி ஆயிருச்சு. வீட்டுக்குப் பின்னாடி ஊத்துலேர்ந்துதான் குழாய் போட்டிருக்கு. ஆயுத பூஜையன்னிக்கு லேசாக் கலங்கி வந்துச்சு. இவன் பொறந்து வீட்டுக்கு வந்தப்ப டீத்தண்ணி கலரு. இப்ப ரெண்டு நாளா மண்ணைக் கரைச்சு ஊத்தற மாதிரி கொட்டுது, குழாயே அடைச்சுக்குது. எஸ்டேட் ஆபீஸ்ல சொன்னா மழைன்னா அப்படித்தாங்கறான். உங்ககிட்டயும்தான் சொன்னேன், டீக்கடையில. ஆட்டுன தலையை ஆட்டிட்டுப் போனீங்க."

மூச்சு வாங்க நிறுத்தினார்.

தணிகாசலம் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில், பல நாளாகக் காயாமல் தொங்கிய துணிகள் லேசான பழுப்பு. நடுவில் இருந்தவை டீத்தண்ணி நிறம். வாசலுக்குப் பக்கத்தில், இன்று அலசிப் போட்டவற்றிலிருந்து செம்மண் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி சொல்லுங்கம்மா" என்றார்.

"எதை?"

"தண்ணி கலங்கினதை. ஆயுத பூஜைலேர்ந்து."

"ஏன், காது கேக்கலையா?"

"கேட்டுது."

தெய்வானை அவர் முகத்தைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கொடியில் இருந்த துணிகளைத் தானும் இப்போதுதான் பார்ப்பது போல நின்றார். பாயில் இருந்த மகள் எழுந்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் தூளியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் துணைத் தாசில்தாரைக் கூப்பிட்டார்.

"ஹலோ. யாரு? காது ஆபீஸ் சாரா? இப்பத்தானே மேடம்கிட்டப் பேசினேன். என்ன சார், ஏதாவது கிடைச்சுதா? ஹலோ?"

தணிகாசலம் கையை நீட்டி, போனைத் தெய்வானையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.